சின்னமேட்டின் ஆதாயம்

போன மாதம் சித்தூரில் எங்கள் பழைய ஆபீசில் ஒரு கூட்டம். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்து, முறுக்கும் காபியும் கொடுத்து, திரையில் படம் காட்டினார்கள். வளரும் நாடுகள் இரண்டை எடுத்துக்கொண்டு, அவற்றின் மொத்த தேசிய வருமானத்தை நாற்பது வருஷத்துக்கு ஒப்பிட்டிருந்தார்கள். ஒரு நாட்டுக்குச் சிவப்புக் கோடு, இன்னொன்றுக்கு நீலக் கோடு. இரண்டும் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஏறிப் போகின்றன. நடுவில் ஒரு வருஷம் நீலக் கோடு மட்டும் கிணற்றில் விழுந்த மாதிரி விழுகிறது. படம் காட்டிய இளம் அதிகாரி அதற்கு ஐந்து காரணம் சொன்னார். வறட்சி என்றார், ஏற்றுமதி என்றார், கொள்கைக் கோளாறு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் முறுக்கு தொண்டையில் சிக்கி, பெரிய சத்தமாகவே வந்துவிட்டது.

"ஏன் சார் சிரிச்சீங்க?" என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்த வருஷம் அந்த நாட்டுல வீடு வீடாப் போய்க் கேட்டவன் யாருன்னு விசாரிச்சீங்களா?" என்றேன். அதற்கு அவர், "எழுதிக் கொடுங்க சார், ஆபீஸ் மலர்ல போடறோம்" என்றார். சிரித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வாங்குகிற வயதை நான் தாண்டிவிட்டேன். ஆனாலும் விளக்கம் எழுதுகிறேன்.

நான் திருப்பதிக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோயில் கைங்கரியம். என்னையும் பாராயண கோஷ்டியில் சேர்க்க அப்பாவுக்கு ஆசை. என் குரலைக் கேட்ட கோஷ்டிப் பெரியவர்கள், "இந்தப் பிள்ளை நன்னா படிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் கணக்கில் பி.ஏ. படித்தேன். ஆந்திரா முதலில் தனி ராஜ்யமாகி, பிறகு பெரிய ராஜ்யமாகி, தலைநகரம் ஹைதராபாத்துக்குப் போயிருந்த சமயம் அது. சித்தூரில் புள்ளிவிவர ஆபீசில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு ஆர்டர் வரும். வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வண்டி ஏற வேண்டியதுதான். எனக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒவ்வொரு நீட்டிப்பு வந்ததும் கார்டு போடுவார்: "அடுத்த ஆர்டராவது நிரந்தரமாக வந்தால் முகூர்த்தம் பார்க்கலாம்." இப்படி நாலு ஆர்டர், நாலு கார்டு.

பயிற்சி பதினைந்து நாள். அதில் நான் கற்றுக்கொண்டது மூன்றே விஷயம். தாளில் உள்ளதைக் கேள், சொன்னதை எழுது, வாதாடாதே.

எனக்கு மேலதிகாரி ராகவய்யா. குண்டூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், கறுப்புக் கோட்டு, கையில் எந்நேரமும் ஒரு குடை. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும். பக்கத்து நாற்காலிக்காரனுக்கே கேட்காத குரலில் அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நிற்போம். தாள்களை மேஜையில் தட்டித் தட்டி ஓரம் சரிபார்ப்பார். குண்டூசி இடது மூலையில், ஒரு விரல் தள்ளி இருக்க வேண்டும். வலது மூலையில் குத்தினவனைக் கூப்பிட்டு, அதைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுப்பார். எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ஆதாரம் உந்தா?" ஆதாரம் இருக்கிறதா என்று தெலுங்கில். காய்ச்சல் என்று லீவு கேட்ட குமாஸ்தாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வெளியே மழை பெய்கிறது சார் என்று நான் ஒருமுறை சொன்னபோது, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நனைத்துக்கொண்டு, "சரே" என்றார். தமிழில் அவருக்கு வா, போ, எவ்ளோ என்று மூன்று வார்த்தைதான் தெரியும். இங்கே அவர் பேசுவதாக நான் எழுதுவதெல்லாம் அவர் தெலுங்கில் சொன்னது.

இப்போது சின்னமேட்டுக்கு வருகிறேன். நகரியிலிருந்து கொஞ்ச தூரம் போய், ஒரு ஓடையைத் தாண்டினால் சின்னமேடு. அதை ஒட்டியே பெரியமேடு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, சின்னமேடுதான் பெரிய ஊர். இரண்டும் தமிழ் விவசாயக் குடும்பங்கள். ஒரே கரும்பு, ஒரே வேர்க்கடலை, ஒரே அம்மன். நடுவில் ஒரு வண்டிப்பாதை. எல்லைப் பிரச்சினை தீர்ந்து கோடு போட்டபோது, அந்த வண்டிப்பாதை ராஜ்யங்களின் எல்லை ஆகிவிட்டது. பெரியமேடு சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. சின்னமேடு ஆந்திராவிலேயே இருந்தது. நட்டுவிட்டுப் போன எல்லைக்கல்லில் மறுநாளே ஒருவர் எருமையைக் கட்டிவிட்டார்.

கோடு போடுவதற்கு முந்தின வருஷம் இரண்டு ஊர்களின் வருமானத்தையும் எங்கள் ஆபீஸ் கணக்கெடுத்திருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எடுத்தது. கோடு போட்ட பிறகு மறுபடி எடுத்து, எந்தப் பக்கம் எப்படிப் போகிறது என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி ஹைதராபாத்திலிருந்து உத்தரவு வந்தது. நாடுகளை ஒப்பிடுவதில் உள்ள அத்தனை தலைவலியும் இந்த ஊர்களை ஒப்பிடுவதிலும் இருந்தது. வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் என்று இருப்பவரின் வருமானம் எந்த ராஜ்யத்துக்கு? ராகவய்யா ஒரு நாள் பூரா குடைப்பிடியைத் தடவிக்கொண்டே யோசித்து விதி சொன்னார். "எருமை எங்கே மேய்கிறது என்று பார்க்காதே. மோர் எந்த வீட்டில் குடிக்கிறார்கள் என்று பார்." விளைவது எங்கே என்பது வேறு கணக்கு, வருமானம் யாருக்கு என்பது வேறு கணக்கு. இதைச் சொல்ல இப்போது முந்நூறு பக்கத்தில் புத்தகம் போடுகிறார்கள்.

கேள்வித்தாள் புதிது, ஹைதராபாத்திலிருந்து தெலுங்கில் வந்தது. சின்னமேட்டில் கேட்பதற்கு அதைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு. தமிழ் தெரிந்தவன், பி.ஏ. வேறு. முக்கியமான கட்டத்தில் தெலுங்கில் "மொத்தம் ஆதாயம்" என்று இருந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பா கோயிலிலிருந்து வந்து மேல்துண்டை உதறும்போதே, "இந்த மாசம் உண்டியல் ஆதாயம் ஜாஸ்திடா" என்பார். திருப்பதியில் ஆதாயம் என்றால் வருமானம்தான். தெலுங்கிலும் அதுதான். ஆகவே தமிழிலும் "மொத்த ஆதாயம் எவ்வளவு?" என்று அழகான கையெழுத்தில் எழுதி ராகவய்யாவிடம் நீட்டினேன். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆதாரம் கேட்காமல், "நீ தமிழன், நீயே ஆதாரம்" என்று சொல்லி, "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டார்.

சின்னமேட்டில் நான் முதலில் போன வீடு பச்சையப்பனுடையது. ஓட்டு வீடு. நாலு உழவு மாடு. பின்னால் கொட்டகையில் வெல்லம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனையிலேயே எனக்குப் பசி எடுத்தது. பச்சையப்பன் ஆறடி உயரம், கதவு அகலத்துக்குத் தோள்.

"மொத்த ஆதாயம் எவ்வளவு?" என்று படித்தேன்.

"ஆதாயமா?" பச்சையப்பன் சிரித்துவிட்டார். "இன்னா சாமி, கிண்டலா? வெத வாங்கினது, எரு அடிச்சது, ஆளுக்குக் கூலி, மாட்டுக்குப் புண்ணாக்கு. அல்லாம் போவ கையில இன்னா நிக்குது? ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ."

இல்லை என்று எழுதினேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கன்னியம்மா வந்தார். "எனுக்கும் எழுதிக்கோ சாமி. நகரியில டீக்கடைங்களுக்குப் பால் ஊத்திக்கினு வர்றேன். ஆதாயம் ஒண்ணும் இல்ல. பருத்திக்கொட்ட விக்கிற வெலையில இன்னாத்த நிக்கும்?" என்றார். அதுவும் இல்லை. அவருடைய இடது முழங்கை கோணலாக இருப்பதை அப்போது கவனித்தேன். நான் பார்ப்பதை அவரும் கவனித்தார்.

"ரெண்டு மழைக்கு முன்ன ஓடை அடிச்சிக்கினு போச்சி. கொடத்த வுடல, கைய வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, "இத நீ எழுதிக்கினு போனா பாலம் வருமா?" என்று கேட்டார்.

ஓடைக்கு ஒரு தரைப்பாலம் வேண்டும் என்று ஊரார் கொடுத்த மனு நிலுவையில் இருந்தது. ஊருக்கு வருமானம் எவ்வளவு என்று எங்கள் ஆபீஸ் சான்று கொடுத்தால்தான் பாலம் கட்டுகிறவர்கள் காகிதத்தை நகர்த்துவார்கள். "கண்டிப்பா வரும்மா" என்றேன். என் தாளில்தான் அந்தப் பாலம் இருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது. கிளம்பும்போது வாழை இலையில் சுற்றி, ஒரு கையால் தூக்க முடியாத அளவுக்கு வெல்லம் கொடுத்தார். ஒன்றும் இல்லாத ஊரில் இவ்வளவு தாராளமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லாத ஊர் எப்படி இவ்வளவு வெல்லம் கொடுக்கும் என்று தோன்றவில்லை. வாதாடாதே என்றுதானே பயிற்சி.

ஊர் முழுக்க அதே பதில்தான். இல்லை, இல்லை, இல்லை. கடைசித் தெருவில் ஒருவர் மற்றவர்களை மிஞ்ச நினைத்து, "எனுக்கு நூறு ரூவா நஷ்டம்னு எழுதிக்கோ" என்றார். அதையும் எழுதினேன். ஆபீசுக்கு வந்து கூட்டிப் பார்த்தால், சின்னமேட்டின் மொத்த வருமானம் பூஜ்யத்துக்கும் கீழே.

பெரியமேட்டின் கணக்கைச் சென்னை ராஜ்யத்து ஆபீசிலிருந்து வாங்கியிருந்தோம். அது ஒழுங்காக முந்தின வருஷத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. கட்டம் போட்ட தாளில் இரண்டு ஊர்களுக்கும் கோடு போட்டேன். பெரியமேடு மேலே போயிற்று. சின்னமேட்டுக்குத் தாளில் இடமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போக, இன்னொரு தாளை அடியில் பசை போட்டு ஒட்டி, அதில் கோட்டை இறக்கினேன். அந்தத் தாள் ராகவய்யாவின் மேஜையிலிருந்து கீழே தொங்கியது. அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"இந்த ஊரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?"

"எல்லாரும் இருக்காங்க சார்."

"ஆதாரம் உந்தா?"

வெல்லத்தைச் சொல்லலாமா என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பாலம் கட்டுகிறவர்களுக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டி, அவர்களிடமிருந்து ஒரு வரி வந்தது. கொண்டுபோக எதுவும் இல்லாத ஊருக்குப் பாலம் எதற்கு? வார இறுதிக்குள் சான்று வராவிட்டால் மனுவை மூடிவிடுவதாகவும் எழுதியிருந்தார்கள். ராகவய்யா அதை இரண்டு முறை படித்தார். "நாளைக்கு நேரில் போகிறோம்" என்றார், மிக மிகத் தாழ்ந்த குரலில். அதே வாரம்தான் என் அடுத்த நீட்டிப்பு ஆர்டரும் அவர் கையெழுத்துக்கு வர வேண்டும்.

காலையில் நாங்கள் போனபோது ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். ராகவய்யா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடையை ஊன்றி நடந்தார். கரையேறியதும் திரும்பி, "ஆச்சார்யுலு, ஜாக்கிரதை" என்று என்னைக் கூப்பிட்டார். தெலுங்கில் எங்களைப் போன்ற கோயில் குடும்பத்து ஆட்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். ஆனால் கரையில் நின்ற ஒருவர் காதில் அது 'ஆசாரி' என்று விழுந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில் உடைந்த ஏர்க்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "சாமி, இதக் கொஞ்சம் பாத்துக் குடு" என்றார். ஒரு வார்த்தை ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போவதற்குள் தச்சனாகிவிட்டது. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ராகவய்யா நேராக வெல்லக் கொட்டகைக்குப் போனார். அடுக்கியிருந்த வெல்லத்தை எண்ணினார். மாடுகளை எண்ணினார். வேர்க்கடலைக் குவியலில் குடையைச் செருகி ஆழம் பார்த்தார். பிறகு பச்சையப்பனிடம் தெலுங்கில், "மீ ஆதாயம் எந்த?" என்று கேட்டார். உங்கள் ஆதாயம் எவ்வளவு என்று.

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. பச்சையப்பன் கைகட்டி நின்று, கரும்பில் இவ்வளவு, கடலையில் இவ்வளவு, வண்டி வாடகையில் இவ்வளவு, சம்சாரம் பால் ஊற்றுவதில் இவ்வளவு என்று சுத்தமான தெலுங்கில் ஒப்பித்தார். பைசாக்கூட விடவில்லை. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. நஷ்டக்காரர்கூட நல்ல தொகையாகச் சொன்னார். நான் அவர் பின்னால் நின்று என் தாளில் இருந்த இல்லை, இல்லை, இல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராகவய்யா நோட்டை மூடினார். "ஒன்று, உன்னிடம் பொய் சொன்னார்கள். இல்லை, என்னிடம் பொய் சொல்கிறார்கள். எதுவானாலும் இது பொய் சொல்கிற ஊர். பொய்க்கு நான் சான்று கொடுக்க மாட்டேன்" என்றார். இதை இப்போது ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்குப் பெரிய நிம்மதி. தப்பு ஊரின் தலையில் போய்விட்டது. என் ஆர்டர் பிழைத்தது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓடைக்குத் திரும்பி வந்தால் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடுகிறது, செந்நிறத்தில். ராகவய்யாவுக்கு நீச்சல் தெரியாது. கடைசி பஸ்ஸும் போய்விடும். வழியனுப்ப வந்த பச்சையப்பன் கரையில் குந்தி உட்கார்ந்து தோளைக் காட்டினார். கறுப்புக் கோட்டு, விரித்த குடை, கையில் செருப்பு, இவ்வளவோடு ராகவய்யா ஏறிக்கொண்டார். தாள்களை எண்ணெய்த்துணியில் சுற்றி நான் தலையில் வைத்துக்கொண்டேன். கன்னியம்மா நகரிக்குப் போகும் பால்குடத்தோடு கூடவே இறங்கினார்.

நட்டாற்றில் வந்ததும் கன்னியம்மா நிமிர்ந்து பார்த்து, "பாலம் வருமா தொரை?" என்று தமிழில் கேட்டார். ஊரில் எல்லார் வாயிலும் அடிபட்ட வார்த்தை, பாலம் என்பது ராகவய்யாவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. "பொய் சொல்கிற ஊருக்குப் பாலம் கிடையாது" என்று தெலுங்கில் மேலேயிருந்து பதில் வந்தது.

கன்னியம்மா ஓடையின் நடுவிலேயே நின்றுவிட்டார். கோபத்தில் தெலுங்கு மறந்து தமிழில்தான் வந்தது. "யாரு பொய் சொன்னது? இந்தச் சாமி வந்து ஆதாயம் இன்னான்னு கேட்டுது, இல்லன்னோம். போட்ட மொதல எடுக்கவே இடுப்பு ஒடியுது, ஆதாயம் எங்கருந்து வரும்? நீ தெலுங்குல கேட்ட, வர்றத அல்லாம் சொன்னோம். இந்தச் சாமி வருமானம்னு கேட்டிருந்தா அதத்தானே சொல்லியிருப்போம்? ரெண்டும் நெசந்தான்!"

ராகவய்யா என்னைப் பார்த்தார். "ஏமண்டோந்தி?" என்றார். என்ன சொல்கிறாள்?

இடுப்புக்கு மேல் ஓடும் தண்ணீரில் எனக்கு வேர்த்தது. அப்போதுதான் புரிந்தது. இவர்கள் தமிழில் ஆதாயம் என்றால் செலவெல்லாம் போக மிஞ்சுகிற லாபம். தெலுங்கில் ஆதாயம் என்றால் மொத்த வருமானம். ஊர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருக்கிறேன், என் அப்பாவின் திருப்பதித் தமிழில். இதைச் சொன்னால் என் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. "பாலம் சீக்கிரம் வேணுமாம் சார்" என்று ஒரே வரி மொழிபெயர்த்தால் போதும். ஆர்டர் வரும், கார்டு வரும், ஒரு நாள் முகூர்த்தமும் வரும். கன்னியம்மா அந்தக் கோணல் கையால் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லு சாமி, தோள் வுட்டுப்போவுது" என்றார் பச்சையப்பன்.

சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை விடாமல், என் தப்பு உட்பட. குடைக்குக் கீழேயிருந்து ராகவய்யாவின் அந்தத் தாழ்ந்த குரல் வந்தது.

"ஆதாரம் உந்தா?"

இந்த மனிதர் வெள்ளத்தின் நடுவிலும் ஆதாரம் கேட்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஆதாரம் அவருக்கு அடியிலேயே நின்றுகொண்டிருந்தது. "பச்சையப்பா, உனக்கு மொத்த ஆதாயம் எவ்வளவு?" என்று தமிழில் கத்தினேன்.

"ஒண்ணும் இல்ல சாமி. எத்தினி தபா சொல்றது?" என்றார் பச்சையப்பன்.

"சார், இப்ப நீங்க கேளுங்க."

ராகவய்யா குனிந்து, பச்சையப்பனின் காதருகே, "மீ ஆதாயம் எந்தய்யா?" என்றார். பச்சையப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே கரும்பில் ஆரம்பித்துக் கடலை வரைக்கும் தெலுங்கில் வந்துவிட்டார். அதே மனிதர், அதே வார்த்தை, அதே தண்ணீர்.

ராகவய்யா சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. வயிறு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் பச்சையப்பன் தள்ளாட, குடை கை நழுவித் தண்ணீரில் விழுந்து சுழன்று சுழன்று போயிற்று. ஓடை கொஞ்ச தூரத்தில் எல்லையைக் கடந்து திரும்புகிறது. குடை சென்னை ராஜ்யத்தில் குடியேறிவிட்டது.

திரும்பி வரும் வழியில் ராகவய்யா புத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கி இட்லிப் பொட்டலம் வாங்கினார். எப்போதும் ஒன்றுதான் வாங்குவார். அன்று இரண்டு வாங்கி ஒன்றை என் மடியில் வைத்தார். இதைக் கடைசி உபசாரம் என்று எடுத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.

மறுநாள் மேஜையில் மெமோ இருந்தது. தவறான மொழிபெயர்ப்பால் ஒரு ஊரையே பூஜ்யத்துக்குக் கீழே இறக்கியதற்கு மூன்று நாளில் விளக்கம் எழுத வேண்டும். எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் மேஜையில் இன்னொரு மெமோ இருப்பதைப் பார்த்தேன். அது ராகவய்யாவுக்கு. அனுப்பியவர் ராகவய்யா. தனக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் உள்ள தாளைச் சரிபார்த்ததாக எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று அவர் அவரையே கேட்டிருந்தார். பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். மூன்றாம் நாள் தனக்குத்தானே விளக்கம் கொடுத்தார். அது திருப்தியாக இல்லை என்று எழுதி, இனிமேல் கவனமாக இருக்கும்படித் தன்னை எச்சரித்துக்கொண்டார். குண்டூசி இடது மூலையில், ஒரு விரல் தள்ளி.

"உன் தப்பு ஒன்று. என் தப்பு ஒன்று. உன்னை அனுப்புவதானால் என்னையும் அனுப்ப வேண்டும். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லி, என் நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது. விழுந்தால் அதற்கும் காரணம் கேட்பார் என்று சும்மா இருந்துவிட்டேன். என் சொந்தச் செலவில் பஸ் பிடித்துப் போய், வருமானம் என்று கேட்டு ஊர் முழுக்க மறுபடி எழுதிக்கொண்டு வந்தேன். ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் கோடு போட்டேன். சின்னமேடு பெரியமேட்டின் பக்கத்திலேயே, ஒரு நூல் மேலே ஏறிப் போயிற்று. சான்று போனது. வேலை நிரந்தரமாகி எனக்கு முகூர்த்தம் வருவதற்கு இன்னும் மூன்று ஆர்டரும் மூன்று கார்டும் பிடித்தன.

பாலம் அதைவிட மெதுவாக வந்தது. அது முடிந்த வருஷம் மழைக்காலத்தில் வேறு வேலையாக நகரிப் பக்கம் போனவன், பார்க்க வேண்டும் என்று நடந்தே போனேன். ஓடை நிறையத் தண்ணீர். மேலே தரைப்பாலம். கன்னியம்மா தலையில் குடத்தோடு, ஒரு கை வீசிக்கொண்டு, கால் நனையாமல் எதிரே வந்தார். "இன்னா சாமி, நல்லாக்கீறியா? கடைக்கி நேரமாச்சி" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போய்விட்டார். அவர் நிற்காததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பின்னாலேயே பச்சையப்பன் வண்டி நிறைய வெல்லம் ஏற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினார்.

விளையாட்டுக்குத்தான் கேட்டேன். "என்ன பச்சையப்பா, பாலம் வந்ததுல ஆதாயம் உண்டா?"

அவர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "தமிழ்ல கேக்கறியா, தெலுங்குல கேக்கறியா?"

"தமிழ்லதான்."

ஏற்றிய வெல்லத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். செலவெல்லாம் மனசுக்குள் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"கீது சாமி, ஒண்ணு கீது," என்றார் கடைசியில். "இனிமே உங்க ஆபீசருங்கள தோள்ல தூக்கற வேல இல்ல பாரு. அதான் ஆதாயம்."

பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டேன். சின்னமேட்டில் நான் தமிழில் கேட்டுப் பதிவு செய்த முதல் ஆதாயம் அதுதான்.